கணக்குக்குப் பயந்தவர்கள் கணக்குப் போடுகிறார்கள்!

பாவாடை தைத்தாயிற்று. அழகான குடைப் பாவாடை. சுற்றினால் குடை போல விரியும்.

அண்டை வீட்டுக் குழந்தைக்கு அதைப் போட்டு விட்டார்கள். போட்ட வேகத்திலேயே நழுவிக் காலடியில் விழுந்தது!

குழந்தையின் இடுப்பு 22 அங்குலம். பாவாடையின் இடுப்பு எவ்வளவு தெரியுமா? 34½ அங்குலம்! அம்மா கட்டிக் கொள்ளலாம். பாட்டி கூடக் கட்டிக் கொள்ளலாம். குழந்தைக்கு ஆகாது.

தைத்தவள், தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் படிக்க வந்த ஒரு மாணவி. அவள் ஒருத்தி மட்டும் அல்ல. புதிதாகத் தைக்க வருகிறவர்கள் கையில் இந்தப் பாவாடை அடிக்கடி விழும். எல்லாம் ஒரே தப்பினால்தான்.

என்ன தப்பு?

குடைப் பாவாடைக்குத் துணியை நாலாக மடிக்க வேண்டும். மடிப்பு மூலையில் வளைவாக வெட்ட வேண்டும். பிரித்தால் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அதுதான் இடுப்பு.

மாணவி யோசித்தாள். இடுப்பு 22 அங்குலம். மடிப்பு நாலு. நாலில் ஒரு பங்கு 5½ அங்குலம். மூலையில் இருந்து 5½ அங்குலம் அளந்தாள். கோடு போட்டாள். வெட்டினாள்.

நாலில் ஒரு பங்கு 5½ என்பது சரிதான். ஆனால் அது வளைவின் நீளம். மூலையில் இருந்து வளைவு வரை உள்ள தூரம் அல்ல!

இந்தக் கணக்கை அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். வட்டத்தின் சுற்றளவு, ஆரம், 22-ன் கீழ் 7 எல்லாம் மனப்பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினாள். அந்தக் கணக்கு பாவாடைக்குள் இருக்கிறது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பழைய பேப்பர் போதும்

நல்ல ஆசிரியை இந்த இடத்தில் திட்ட மாட்டார். சாக்கட்டியை எடுத்துச் சூத்திரம் எழுதவும் மாட்டார். ஒரு கட்டு பழைய செய்தித்தாளை எடுத்துப் போடுவார்.

"ஏம்மா, துணியை வெட்டாதே. காகிதத்தை வெட்டிப் பார்" என்பார்.

காகிதத்தை நாலாக மடித்தாள். மூலையில் இருந்து 4 அங்குலத்தில் வளைவாக வெட்டினாள். வளைவின் மேல் டேப்பை வைத்து அளந்தாள். 6¼ அங்குலம் வந்தது. வேண்டியது 5½. கூடிப் போயிற்று.

3 அங்குலத்தில் வெட்டினாள். 4¾ அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. போதவில்லை.

3½ அங்குலத்தில் வெட்டினாள். டேப்பை வைத்தாள். 5½!

"டீச்சர், வந்துடுச்சு!"

இப்போது ஆசிரியை கேட்பார். "சரி, 33 அங்குல இடுப்புக்கு எவ்வளவு? 44 அங்குல இடுப்புக்கு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் காகிதம் வெட்டிக் கொண்டே இருப்பாயா?"

அங்கேதான் சூத்திரத்துக்கு வேலை வருகிறது. இடுப்பளவை 7-ஆல் பெருக்கு. 44-ஆல் வகு. 22-க்கு 3½. 33-க்கு 5¼. 44-க்கு 7. முன்பு பூச்சாண்டி மாதிரி இருந்த சூத்திரம் இப்போது ஒரு கத்தரிக்கோல் மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிற கருவி!

பழைய தையற்காரர்கள் சிலர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். இடுப்பளவை ஆறால் வகுத்துக் கொள்வார்கள். 22-ஐ ஆறால் வகுத்தால் சுமார் 3⅔ அங்குலம். இடுப்பு 23 அங்குலம் வரும். ஓர் அங்குலம்தான் கூடுதல். பட்டி வைத்துத் தைக்கும்போது அதை இழுத்துச் சரிக்கட்டி விடலாம். அவர்கள் வழி தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இடுப்பு பெரிதாக ஆக வித்தியாசமும் பெரிதாகும். 36 அங்குல இடுப்பில் 1¾ அங்குலம் கூடி விடும். எங்கே சரிக்கட்டலாம், எங்கே முடியாது என்று தெரிந்து கொள்ள இரண்டு வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு இதோடு முடியவில்லை. குழந்தையின் தாய், "நீளம் 20 அங்குலம் வேண்டும்" என்கிறாள். கடையில் கிடைத்த துணியின் அகலம் 44 அங்குலம். போதுமா?

மூலையில் இருந்து இடுப்புக்கு 3½. அதற்குக் கீழே நீளம் 20. மொத்தம் 23½. இரண்டு பக்கமும் சேர்த்து 47 அங்குலம். துணி 3 அங்குலம் பற்றாது! என்ன செய்வது? பாவாடையை 18½ அங்குலத்தோடு நிறுத்தலாம். கீழே 1½ அங்குலத்தில் பட்டை வைத்தால் 20 ஆகிவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும். தையலுக்கு விடும் ஓரத்தைத் தனியாகச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. துணியைப் பார்த்து, பணத்தைப் பார்த்து, தாயின் முகத்தையும் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

யார் வருகிறார்கள்?

தொழிற்பயிற்சி நிலையங்களை "ஐ.டி.ஐ." என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இந்திய அரசு 1950-ம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், வயர்மேன் என்று பல தொழில்கள். எட்டாவது தேறியவர்களைச் சேர்க்கும் தொழில் உண்டு. பத்தாவது தேறியவர்களைச் சேர்க்கும் தொழிலும் உண்டு.

வருகிற பிள்ளைகளில் பலர், "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக் கொண்டுதான் வருகிறார்கள். கணக்கை விட்டு ஓடி வந்து விட்டோம் என்று நினைக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால், "ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்" என்று ஒரு பாடம் காத்திருக்கிறது! பட்டறைக் கணக்கு. பின்னம், சதவிகிதம், பரப்பளவு, எடை எல்லாம் அதிலும் உண்டு. சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்று இந்தப் பாடத்துக்கான புத்தகங்களைத் தயாரிக்கிறது. தமிழிலும் வருகின்றன.

புத்தகத்தை மட்டும் நடத்தினால் பையன் மறுபடி ஓடுவான். பட்டறைக்கு அழைத்துப் போய் நடத்தினால் நிற்பான்.

லேத்தில் ஒரு நூல்

லேத் எந்திரத்தைப் பாருங்கள். இரும்புத் தண்டு சுழல்கிறது. உளி போன்ற கருவி அதைச் சீவுகிறது. எவ்வளவு வேகத்தில் சுழல விட வேண்டும்? இதுதான் டர்னருக்கு முதல் கேள்வி.

புத்தகத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. பார்த்தால் தலை சுற்றும். ஆசிரியர் என்ன செய்கிறார்? எந்திரத்தை நிறுத்துகிறார். 50 மில்லிமீட்டர் தண்டின் மேல் ஒரு நூலைச் சுற்றச் சொல்கிறார். பிரித்து அளக்கச் சொல்கிறார். 157 மில்லிமீட்டர். அதாவது தண்டு ஒரு முறை சுற்றினால், கருவியின் நுனியை 157 மில்லிமீட்டர் இரும்பு உரசிக் கொண்டு போகிறது.

சாதாரண இரும்பைச் சீவும்போது, 'ஹைஸ்பீடு' கருவி நிமிஷத்துக்குச் சுமார் 25 மீட்டர் வரை தாங்கும். 25 மீட்டர் என்பது 25,000 மில்லிமீட்டர். அதை 157-ஆல் வகுத்தால் 159. நிமிஷத்துக்கு 159 சுற்று. அவ்வளவுதான் சூத்திரம்!

அடுத்து 25 மில்லிமீட்டர் தண்டு. பாதி மொத்தம்தான். பையன்களிடம் கேட்டால், "சின்னத் தண்டுதானே, மெதுவாகச் சுற்றினால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். நூலைச் சுற்றிப் பார்த்தால் சங்கதி தெரிந்து விடும். சுற்றளவு பாதி. அதனால் 318 சுற்று சுற்றலாம். ஒல்லித் தண்டுக்குத்தான் வேகம் அதிகம்!

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? பெரிய தண்டை 318 சுற்றில் ஓட்டினால் கருவியின் நுனி சூடேறி முனை மழுங்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பினால் சிவப்பு மையால் ஒரு கோடு. இங்கே தப்பினால் கருவி போச்சு!

தேங்காய் விற்ற சிறுவன்

கடை வீதியில் சரளமாகக் கணக்குப் போடும் பிள்ளை, வகுப்பறையில் ஏன் விழிக்கிறான்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று வெகு தூரத்தில் இருந்து வந்தது.

தென் அமெரிக்காவில் பிரேசில் நாடு. அங்கே ரெசிபே என்று ஒரு கடற்கரை நகரம். அந்த ஊர்த் தெருக்களில் ஏழைச் சிறுவர்கள் தேங்காய், பழம் முதலியவை விற்பது உண்டு. தெரசினியா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வாடிக்கைக்காரர்கள் போல அந்தச் சிறுவர்களிடம் போனார்கள். 5 பேர். வயது 9 முதல் 15 வரை.

ஒரு தேங்காய் 35 குருசேரோ. அது அந்த நாட்டின் அன்றைய பணம். 10 தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். நாமாக இருந்தால் 35-க்குப் பக்கத்தில் ஒரு சைபர் போடுவோம். அந்தப் பையன் அப்படிச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105. இன்னும் மூன்று சேர்த்தால் 210. மறுபடி மூன்று, 315. கடைசியாக ஒன்று, 350. சரியான விடை!

சில நாள் கழித்து அதே சிறுவர்களிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். தெருவில் போட்ட அதே மாதிரிக் கணக்குகளையே கொடுத்தார்கள். 4 தேங்காய் 140 என்று தெருவில் சரியாகச் சொன்ன ஒரு பிள்ளை, 35-ஐ நாலால் பெருக்கு என்றதும் 200 என்று எழுதி விட்டது! எப்படி? நாலைந்து இருபது. சைபர் போட்டு, மீதி 2. அந்த இரண்டை மூன்றோடு முதலில் கூட்டி 5 ஆக்கி, அதை நாலால் பெருக்கி இன்னொரு இருபது. ஆக 200.

தெருவில் அந்த விடையைச் சொல்லியிருந்தால், வாங்க வந்தவர் சிரித்திருப்பார். காகிதம் சிரிக்காது. அதனால் பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை.

மொத்தத்தில் தெருவில் நூற்றுக்கு 98 விடை சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான் சரி. "ஒருவன் இத்தனை வாங்கினான், விலை என்ன" என்று கதையாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 74 சரி. 1985-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் இன்றைக்கும் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

சோதித்தவர்கள் ஐந்தே பேரைத்தான். அதை வைத்து உலகம் முழுவதுக்கும் தீர்ப்புச் சொல்லி விட முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது!

கை அறிவு ஏமாற்றும் இடம்

அப்படியானால் பள்ளிக்கூடக் கணக்கே வேண்டாமா? அனுபவம் போதுமா?

போதாது! ஒரு கிணற்றைப் பாருங்கள்.

வட்டமாகக் குழி தோண்டுகிறார் ஒருவர். அகலம் 3 அடி, ஆழம் 10 அடி. கூலி பேசி வாங்கி விட்டார். அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டு, "எனக்கு 6 அடி அகலத்தில் தோண்டு, ஆழம் அதே 10 அடிதான்" என்கிறார். "அகலம் இரண்டு பங்கு, அதனால் கூலியும் இரண்டு பங்கு" என்று ஒப்புக் கொண்டால் தோண்டுகிறவர் கதி என்ன?

முதல் குழியில் எடுத்த மண் சுமார் 71 கன அடி. இரண்டாவது குழியில் சுமார் 283 கன அடி. நாலு பங்கு மண்! இரண்டு பங்கு கூலிக்கு நாலு பங்கு மண் சுமக்க வேண்டும்.

இதைக் கண் காட்டாது. கட்டக் காகிதத்தில் சின்ன வட்டத்தையும் பெரிய வட்டத்தையும் போட்டுக் கட்டங்களை எண்ண வேண்டும். அப்போதுதான் புரியும். கொத்தனார் பயிற்சிக்கு வரும் பையனுக்கு இந்த ஒரு கணக்குப் புரிந்தால், பின்னால் எத்தனையோ நாள் கூலி மிஞ்சும்.

இதே கொத்தனார் பையனுக்கு மூலை பார்ப்பது கை வந்த கலை. ஒரு சுவர் நூலில் 3 அடி. அடுத்த சுவர் நூலில் 4 அடி. குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சுத்தம். அப்பாவோடு வேலைக்குப் போனபோதே பார்த்திருப்பான். "சின்ன மூலைக்கு 3, 4, 5. பெரிய மூலைக்கு என்ன?" என்று ஆசிரியர் கேட்பார். 6, 8, 10 என்பான் ஒருவன். 9, 12, 15 என்பான் இன்னொருவன். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் பெயரைக் கேட்டாலே நடுங்கியவர்கள் இவர்கள்!

மூலை சுத்தம் இல்லாவிட்டால் சுவர் கட்டும்போது தெரியாது. பூசும்போதும் தெரியாது. தரையில் டைல்ஸ் ஒட்டும்போது குட்டு வெளிப்பட்டு விடும். ஒரு பக்கம் முழுக் கல், மறு பக்கம் போகப் போக வெட்டுக் கல்!

இதற்கு மாறாக, சில பாடப் புத்தகங்களில் வரும் "வாழ்க்கைக் கணக்கு" வேடிக்கையாக இருக்கும். 10 பேர் ஒரு சுவரை 12 நாளில் கட்டுகிறார்கள். 120 பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? ஒரு நாள் என்று எழுதினால் மார்க்கு உண்டு. கொத்தனார் மகன் கேட்பான். "120 பேரும் எங்கே சார் நிற்பார்கள்?" நியாயமான கேள்வி. செங்கல் சுவரை ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் எழுப்பக் கூடாது. கலவை இறுக வேண்டும். ஆளைக் கூட்டினால் கலவை சீக்கிரம் இறுகி விடுமா? சுவர், கூலி என்று பெயர் போட்டு விட்டால் மட்டும் அது வாழ்க்கைக் கணக்கு ஆகிவிடாது.

நம் பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நெல் அளவும் நிலக் குழியும்தான் கணக்கு. காரி நாயனாரின் "கணக்கதிகாரம்" என்ற பழைய நூலிலும் பொன், நெல், நிலம் என்றே கணக்குகள் வரும். படிக்கிறவர்களுக்கு அதெல்லாம் அன்றாடம் புழங்கிய பொருள்.

வீட்டிலும் பார்க்கலாம்

வயர்மேன் வகுப்பில் நடக்கும் ஒரு கணக்கு எல்லா வீட்டுக்கும் உதவும். தண்ணீர் காய வைக்கும் ஹீட்டரில் 1500 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுக்க வேண்டும். 230 என்பது நம் வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜ். விடை சுமார் 6½ ஆம்பியர். மின் விசிறிக்கு வைத்திருக்கும் சிறிய பிளக் 6 ஆம்பியர்தான் தாங்கும். அதில் ஹீட்டரைச் செருகினால் என்ன ஆகும்? பிளக் சூடேறும். உருகும். தீப்பிடிக்கவும் கூடும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

செலவும் பார்க்கலாம். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1500 வாட்ஸ் ஹீட்டர் 20 நிமிஷம் ஓடினால் அரை யூனிட். தினம் 20 நிமிஷம் என்றால் 30 நாளைக்கு 15 யூனிட். பையன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால், "கணக்கு வராது" என்று அவனைத் திட்டிய அப்பா கூட நிமிர்ந்து பார்ப்பார்!

இரண்டு பக்க நோட்டு

ஆனால் ஆண்டு முடிவில் தேர்வு இருக்கிறது. அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால்தான் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் தொழிற்சாலையில் வேலை. தேர்வில் பாவாடை வராது. "ஒரு வட்டத்தின் சுற்றளவு 22. ஆரம் என்ன?" என்று மொட்டையாக வரும். நாலு விடை கொடுத்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரெசிபே சிறுவனுக்கு ஏற்பட்ட கதி இங்கேயும் ஏற்படலாம். பாவாடை வெட்டத் தெரிந்த பெண், அதே கணக்கைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து விழிக்கலாம்.

அதற்காக ஆசிரியை ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறார். நோட்டில் இடது பக்கம் வேலை. வலது பக்கம் கணக்கு. இடது பக்கத்தில் பாவாடைப் படம், காகிதத்தில் வெட்டிப் பார்த்த அளவுகள், துணி பற்றாமல் போன சங்கதி. வலது பக்கத்தில் அதே கணக்கு வெறும் எண்ணும் எழுத்துமாக. இடுப்புக்கு நேரே "சுற்றளவு". மூலையில் இருந்து அளந்த தூரத்துக்கு நேரே "ஆரம்". ஒவ்வொரு வேலைக்கும் இப்படி இரண்டு பக்கம்.

இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் பத்துக் கணக்குப் போடும் வகுப்பில், இந்த முறையில் இரண்டு கணக்குத்தான் நடக்கும். பாடம் முடியவில்லையே என்று ஆசிரியைக்குக் கவலைதான். ஆனாலும் அடுத்த வாரம் மாணவி அந்த இரண்டையும் மறக்காமல் வருகிறாள்.

விழுந்த பாவாடை என்ன ஆயிற்று?

வீணாகவில்லை! இருப்பது 34½ அங்குலம். வேண்டியது 22. மிச்சம் 12½ அங்குலம். மாணவியே கணக்குப் போட்டாள். இடுப்பைச் சுற்றிப் பத்து மடிப்பு. மடிப்புக்கு 1¼ அங்குலம். ஊசி குத்தி, மடித்து, மேலே பட்டி வைத்துத் தைத்தாள்.

குழந்தை போட்டுக் கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பாவாடை நின்றது.